ஒளிந்திருந்த தெய்வத்தை நம்பலாமா?

கேள்வி: தறியில் பாவு ஏற்றியாயிற்று, ஜரிகை விலையோ ஏறிக்கொண்டே போகிறது, நெய்த சேலை விலைபோகுமோ என்ற அச்சத்தில் உறக்கமே வருவதில்லை. 'வரதர் இருக்கிறார், பயப்படாதே' என்கிறார் தகப்பனார். பகைக்கு அஞ்சி அந்த வரதரே ஊரைவிட்டுப் போனவராயிற்றே! அவரை நம்பலாமா?
— நெசவாளர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: தங்கள் சரித்திர ஞானத்தை மெச்சுகிறேன். 1688 வாக்கில், மொகலாயப் படை வருமென்ற பீதியில் காஞ்சி வரதரை உடையார்பாளையத்துக் காட்டுக்கு எழுந்தருளச் செய்ததும், 1710-இல் ஆத்தான் ஜீயரின் வேண்டுகோளுக்கிணங்க லாலா தோடர்மால் அவரை மீட்டு வந்ததும் கோயிற் சாசனம் அறிந்த செய்திகள். ஆனால் அஞ்சியவர் வரதரல்லர். அவரைச் சுமந்து சென்ற பக்தர்களே. அவர்கள் 'ஆண்டவன் தம்மைத் தாமே காத்துக்கொள்வார்' என்று திண்ணையில் சாய்ந்துவிடவுமில்லை. 'எல்லாம் போயிற்று' என்று நம்பிக்கையைக் கைவிடவுமில்லை. காமாட்சியின் பொன் விக்கிரகமோ தஞ்சைக்குப் போய் அங்கேயே குடியேறிவிட்டது. அதனால் காஞ்சியில் காமாட்சி இல்லையென்று எவரேனும் சொன்னதுண்டோ?

கோர்வைச் சேலையில், தாங்களும் உதவியாளரும் ஆளுக்கொரு பக்கம் நாடா எறிந்தால்தானே கரை உடலோடு சேர்கிறது? வரதர் தம் பக்கத்து நாடாவை நழுவவிடமாட்டார் என்று இருப்பது பக்தி. நம் பக்கத்து நாடாவையும் அவரே எறியட்டும் என்பது சோம்பல். ஆகையால், இரவில் தகப்பனார் சொல்லைக் கேட்டு நிம்மதியாக உறங்குங்கள். விடிந்ததும் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய்ச் சேலையின் விலையை விசாரியுங்கள்.