டிரில் இருந்தால் பாதி வேலை முடிந்தது

கேள்வி: வீட்டுக்கும் மரப்பட்டறைக்கும் சேர்த்து, பட்ஜெட்டுக்குள் ஒரு கார்ட்லெஸ் ப்ளோயர் வாங்குவது எப்படி?

பதில்: கடைக்குப் போகுமுன் பட்டறை அலமாரியைத் திறக்க வேண்டும். அங்கே 18 வோல்ட் டிரில் இருந்தால், அதே பேட்டரி பொருந்தும் ப்ளோயரை மட்டும் வாங்கலாம். பேட்டரி, சார்ஜர் காசு பர்ஸிலேயே இருக்கும். ‘20 வோல்ட் மேக்ஸ்’ என்ற எழுத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். உள்ளே அதே 5 செல்கள், தலா 3.6 வோல்ட், கூட்டினால் 18தான்!

ஆம்பியர்-ஹவர்தான் ஆயுள். 18 வோல்ட், 4 ஆம்பியர்-ஹவர் என்றால் 72 வாட்-ஹவர். 300 வாட் இழுக்கும் மோட்டார் அதைக் கால் மணிக்குள் குடித்துவிடும். ஜன்னல் தண்டவாளத்துக்கும் ரம்ப இடுக்குக்கும் ஒடுங்கிய மூக்கு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரிக்கர் இரண்டும் அவசியம்.

மரத்தூளை மூடிய அறையில் ஊதவே கூடாது. அது புற்றுநோய்க் காரணிகள் பட்டியலில் இருக்கிறது. முதலில் வாக்குவம், பிறகு மாஸ்க் போட்டு, கதவைத் திறந்து, வாசல் பக்கமாக ஊத வேண்டும்.