புதுசா, பழசு பரவியதா?

கே: அப்பாவுக்கு உள்ளங்காலில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்து அறுவை செய்து எடுத்தார்கள். இப்போது அதே காலில், கெண்டைக்காலில் ஒரு கறுப்புக் கட்டி. பழசு பரவியதா, புதுசாக முளைத்ததா?
(வாசகர், பெசன்ட் நகர்)

ப: வெறும் கண்ணால் பார்த்து முடிவு சொல்ல முடியாது. ஆனால் இடம் ஒரு துப்புக் கொடுக்கும். பழைய கட்டி இருந்த இடத்திலிருந்து தொடை இடுக்கில் நெறி கட்டும் இடம் வரை நிணநீர்க் குழாய்கள் ஓடுகின்றன. அந்த வழியில் கட்டி வந்தால் முதல் சந்தேகம் பரவல் மீதுதான். அப்பாவின் கட்டி அந்த வழியில் இருக்கிறது. இந்த வாரமே காட்டிவிடுங்கள்.

கே: பயாப்சியில் எப்படிப் பிரித்தறிவார்கள்?
(வாசகி, சாஸ்திரி நகர்)

ப: தோலில் தோன்றும் மெலனோமா பெரும்பாலும் மேல்தோலில் பிறந்து கீழே இறங்கும். பரவி வந்தது அடித்தோலிலோ கொழுப்பிலோ உருண்டையாக உட்காரும். மேல்தோலோடு அதற்குப் பெரும்பாலும் ஒட்டுறவு இருக்காது. இதற்கு விதிவிலக்குகள் உண்டு: பரவி வந்தது மேல்தோலுக்குள் ஏறிவிடலாம், அரிதாக, அடித்தோலிலேயே புதுசு பிறக்கலாம். எஸ்-100, சாக்ஸ்-10 சோதனைகள் அது மெலனோமாதான் என்று சொல்லும். எங்கே பிறந்தது என்று சொல்லாது. குழப்பம் தீராவிட்டால் பழைய திசுவையும் புதிய திசுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்; பிராஃப், என்ராஸ், கிட் போன்ற மரபணுக்களின் மாற்றங்களையும் ஒப்பிடுவார்கள்.

கே: எதுவானால் என்ன, வெட்டி எறிந்தால் சரிதானே?
(வாசகர், திருவான்மியூர்)

ப: சரியில்லை. புதுசு என்றால் அதன் ஆழத்தை மில்லிமீட்டரில் அளப்பார்கள். அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970-ல் வகுத்துத் தந்த அளவு அது. ஆழம் குறைவாக இருந்தால், சுற்றியுள்ள நல்ல தோலையும் கொஞ்சம் சேர்த்து எடுப்பதோடு பலருக்குச் சிகிச்சை முடிந்துவிடும். பரவல் என்றால் உடல் முழுக்க ஸ்கேன், பிறகு பெரும்பாலும் இம்யூனோதெரபி போன்ற மருந்துகளும் வேண்டும். பரவலைப் புதுசென்று எண்ணினால் மருந்து தாமதமாகும். புதுசைப் பரவல் என்று எண்ணினால், குணமாகக்கூடிய ஒருவரின் நம்பிக்கையைப் பறிப்போம்.

கே: கத்தி பட்டால் பரவிவிடும் என்கிறாரே பக்கத்து வீட்டு மாமி?
(வாசகி, இந்திரா நகர்)

ப: பயாப்சியால் மெலனோமா பரவுவதில்லை. பயாப்சியைத் தள்ளிப்போடும் நாட்களில்தான் அது வளர்கிறது. சந்தேகப்படும் மச்சத்தை லேசரிலோ ஆசிட்டிலோ சுட்டுப் பொசுக்க மட்டும் விடாதீர்கள். பரிசோதிக்கத் திசுவே மிஞ்சாது.

கே: தினமும் எலியட்ஸ் பீச்சில் நடக்கிறேன். வெயிலால் வந்துவிடுமா?
(வாசகர், பெசன்ட் நகர்)

ப: தாராளமாக நடங்கள். நம் நிறத்தவருக்கு மெலனோமா அரிது. வந்தால், உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயில் அதிகம் படாத இடங்களைத்தான் அடிக்கடி தேடிப் பிடிக்கிறது. பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரலில் வந்தது. 1977-ல் கண்டுபிடித்தார்கள், 1981-ல் 36 வயதில் இறந்துபோனார். மணலைக் கழுவும்போது பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். புதிதாக ஒரு கறுப்புத் திட்டு, பெரிதாகும் மச்சம், ஆறாத புண், நகத்தில் அகலமாகும் கறுப்புக் கோடு எதுவானாலும் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கே: பரவல் என்று வந்துவிட்டால் கதை முடிந்ததா?
(வாசகி, கலாக்ஷேத்ரா காலனி)

ப: இல்லை. முற்றிய மெலனோமாவுக்கு 2011-க்கு முன் சொல்லிக்கொள்ளும்படி மருந்தில்லை. இன்று இரண்டு இம்யூனோதெரபி மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த ஓர் ஆய்வில், பத்தாண்டு கழித்தும் 43 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். உள்ளங்கால் வகையில் பலன் இதைவிடக் குறைவு; மருந்தின் விலையும் அதிகம். ஆனாலும் முயன்று பார்க்க வழி இருக்கிறது.

கே: அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?
(வாசகர், ஊரூர் குப்பம்)

ப: தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அது, டாக்டர் சாந்தா தன் வாழ்நாளையே கொடுத்து வளர்த்தது. அங்கே போனாலும் வேறெங்கே போனாலும் ஸ்கேன் மட்டும் போதாது. பழைய பயாப்சி ரிப்போர்ட், கண்ணாடி சிலைடு, மெழுகு பிளாக் மூன்றையும் முதல் அறுவை நடந்த இடத்தில் எழுதிக் கொடுத்து வாங்குங்கள். பழையதைப் பார்க்காமல் புதியதைப் பற்றி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.