உள்ளே வந்து புகார் கொடு

1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்ட அதே பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லாதே. பதில் சொல்லப் பட்டாளம் வந்தது. சுட்டது.

இன்று துரை இல்லை. லயத்தை இடித்த இடத்தில் தாமான் நிற்கிறது. சுங்கை சிப்புட்டில் தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி, டிப்ளோமாவைத் தூக்கிக்கொண்டு ஈப்போவில் வேலை தேடுகிறாள். ஸ்டோரில் பெட்டி எண்ணும் வேலை. போனில் ஒரே கேள்வி: "மாண்டரின் தெரியுமா?"

பெட்டிகளுக்கு மலாய் புரியாது போலிருக்கிறது.

(சீன வாடிக்கையாளரோடு நாள் முழுக்கப் பேச வேண்டிய வேலை என்றால் மொழி கேட்கட்டும், எனக்குச் சண்டையில்லை. பெட்டி என்ன பேசும்?)

ஏன் கவலை, சட்டம் இருக்கிறதே! 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 69எஃப் என்றொரு பிரிவு, 2023 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. வேலையிடப் பாகுபாடு பற்றிய தகராறைத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவு போடலாம். உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 வெள்ளி வரை அபராதம். பாகுபாடு என்றால் என்ன என்பதை மட்டும் சட்டம் எழுதவில்லை. திருடனைப் பிடிக்க ஆள் போட்டாயிற்று, எது திருட்டு என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்!

அதிலும் தகராறு தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையில் நடக்க வேண்டுமாம். உன் தோலைப் பார்த்துக் கதவைச் சாத்தியவன் மீது புகார் கொடுக்க, முதலில் அவனே உன்னை வேலைக்கு வைத்திருக்க வேண்டும்.

எனக்கு வயிறு எரிவது இங்கேதான். 2018 மே முதல் 2023 டிசம்பர் வரை மனிதவள அமைச்சர்கள் மூன்று பேர்: ஈப்போ பாராட் எம்.பி. குலசேகரன், தாப்பா எம்.பி. சரவணன், பத்து காஜா எம்.பி. சிவகுமார். மூவரும் இந்தியர். மூவரும் பேராக்கில் ஜெயித்தவர்கள். குலசேகரன் காலத்துச் சட்டத் திருத்த முன்வரைவில் வேலை தேடுகிறவருக்கும் பாதுகாப்பு இருந்தது. சரவணன் காலத்தில், 2022 மார்ச்சில் நிறைவேறிய திருத்தத்தில் அது காணாமல் போனது. சிவகுமார் காலத்தில் அது இல்லாமலேயே அமலுக்கு வந்தது. நாமும் மூன்று தடவை மாலை போட்டோம். அந்த வரி எங்கே போனது என்று ஒரு தடவை கேட்டோமா?

ஏற்கெனவே வேலையில் இருப்பவரே, நீர் பாக்கியசாலி. பே ஸ்லிப், நியமனக் கடிதம், வாட்சப் செய்திகள், எந்தத் தேதியில் யார் என்ன சொன்னார் என்ற குறிப்பு, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தொழிலாளர் இலாகாவுக்குப் போம். வேலையை விட்டே தூக்கிவிட்டால் போக வேண்டிய இடம் வேறு: தொழில் உறவு இலாகா, அதுவும் 60 நாளுக்குள். "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்னும் மாமாக்களை நம்பாதீர், அறுபத்தோராம் நாள் அவர்கள் துணைக்கு வர மாட்டார்கள்.

ஈப்போவில் வேலை தேடிய அந்தப் பிள்ளை புகார் பாரத்தோடு உட்கார்ந்தாள். முதலாளி பெயர் கேட்ட கட்டத்தில் பேனா நின்றது.

"யார் மேலம்மா புகாரு?" என்றார் தாத்தா. நாற்பது வருஷம் பால்மரம் சீவியவர்.

"யார் மேலயும் இல்ல தாத்தா. எனக்கு முதலாளியே கிடையாதாம்."

"எங்களுக்காச்சும் ஒரு துரை இருந்தான்," என்றார்.