பிசினஸுக்குப் பணம், எகானமியில் இடம்

கேள்வி: இணைய முகவர் தளத்தில் பிசினஸ் வகுப்பு என்று பணம் கட்டினேன். விமானத்தில் எகானமி இருக்கை. தளம் விமான நிறுவனத்தைக் கைகாட்டுகிறது, நிறுவனம் தளத்தைக் கைகாட்டுகிறது. யாரைப் பிடிப்பது?
— வாசகர், திருச்சி

பதில்: அழைத்தவர் ஒருவர், பந்தி பரிமாறுபவர் இன்னொருவர் என்றால் பட்டினி விருந்தாளிக்குத்தான்! முதலில் மின் டிக்கெட்டை எடுங்கள். ஊருக்கு ஊர் வகுப்பைத் தனித்தனியே பாருங்கள். இடையில் மாறிப் போகும் பயணங்களில் நீண்ட தூரத்துக்கு மட்டும் பிசினஸ் தந்துவிட்டு, மொத்தத்துக்கும் அந்தப் பெயரையே சூட்டும் வழக்கம் உண்டு. எனக்கு அது அப்பட்டமான ஏமாற்று வேலையாகவே படுகிறது.

டிக்கெட்டிலேயே எகானமி என்றிருந்தால், விற்ற தளத்தைப் பிடியுங்கள். பணம் கட்டும்போது எடுத்த ஸ்கிரீன்ஷாட்தான் உங்கள் சாட்சி. டிக்கெட்டில் பிசினஸ் என்றிருந்து விமான நிலையத்தில் கீழிறக்கினார்களா? அப்போது பொறுப்பு விமான நிறுவனத்துடையது. விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏவின் விதிப்படி, 2023 பிப்ரவரி 15 முதல், உள்நாட்டுப் பயணத்தில் வரி உட்பட டிக்கெட் விலையில் 75 சதவீதத்தைத் திருப்பித் தர வேண்டும். வெளிநாடு என்றால் தூரத்தைப் பொறுத்து 30, 50 அல்லது 75 சதவீதம். தளம் வழியாக வாங்கினீர்கள் என்பது அவர்களுக்குச் சாக்காகாது.

இருவரும் அசையவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். எதிர்த்தரப்புதான் திருச்சிக்கு வர வேண்டும், எந்த வகுப்பில் வந்தாலும் சரி.