கொழும்பா, ரொறன்ரோவா?

கேள்வி: மகன் கொழும்பு வெள்ளவத்தையில், மகள் ரொறன்ரோவில். "எங்களோட வந்து இருங்கோ அப்பா" என்று இருவரும் நிற்கிறார்கள். ஓய்வூதியக்காரன் நான் எங்கே போய்க் குடியேறுவது?
- வாசகர், உட்துறைமுக வீதி, திருகோணமலை

பதில்: இரண்டு பிள்ளைகளும் கூப்பிடுகிறார்களா? முதலில் கோணேசருக்கு ஒரு தேங்காய் உடையுங்கள்!

வெள்ளவத்தையில் காலி வீதியைத் தாண்டாமலே தோசையும் கிடைக்கும், தமிழும் கிடைக்கும். கடலும் உண்டு. ஆனால் உங்கள் ஊரில் சூரியனைப் பெற்றெடுக்கும் கடல் அங்கே அதை விழுங்கும். மனம் கேட்காவிட்டால் இரவு பஸ் ஏறுங்கள், விடியும்போது ஊர்.

ரொறன்ரோவிலும் தமிழுக்குக் குறைவில்லை. ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாகக் கனடா நாடாளுமன்றமே 2016இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த ஜனவரிக் குளிருக்குக் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் காவிக்கொண்டு போனாலும் போதாது. அங்கே முதியோர் ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும். ஆகவே பென்சனை நம்பிப் போகாதீர்கள், பேரப்பிள்ளையை நம்பிப் போங்கள். சூப்பர் விசாவில் ஒரே தடவையில் 5 ஆண்டுகள் வரை தங்கலாம். உங்களுக்கு ஒரு பனிக்காலமே போதும், முடிவு தெரிந்துவிடும்.

என் தீர்ப்பு: கோடைக்கு மகள், மற்ற மாதங்களுக்கு மகன். வீட்டை மட்டும் விற்றுவிடாதீர்கள். வாழைப்பழத் தோலுக்காகப் படலையடியில் வந்து நிற்கும் புள்ளிமானுக்குக் கொழும்பிலும் இடமில்லை, கனடா விசாவும் கிடைக்காது.