பேச்சு வராத பிள்ளையின் வீட்டுக்குப் போவது எப்படி?

இரண்டு வயது தாண்டியும் பேச்சு வராத பிள்ளை ஒரு வீட்டில் இருந்தால், அந்தப் பிள்ளை மிச்சம் வைத்த பேச்சையெல்லாம் சொந்தக்காரர்கள் பேசித் தீர்ப்பது நம் வழக்கம். ஆனால் பலர் இதை முறையாகச் செய்வதில்லை. சிலர் வருகிறார்கள், பழம் கொடுக்கிறார்கள், பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து பொம்மைக் கார் ஓட்டுகிறார்கள், ஒரு அறிவுரைகூடச் சொல்லாமல் காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். இப்படியே போனால் குடும்பம் என்ற அமைப்பு என்னாவது? அத்தை, மாமா, சித்தப்பா, பெரியம்மா, எதிர்வீட்டு ஆன்ட்டி ஆகியோர் கடைப்பிடிக்க வேண்டிய முறைகளை வரிசையாகத் தருகிறோம்.

1. செருப்பைக் கழற்றும்போதே பரீட்சையைத் தொடங்குங்கள்

பிள்ளை கதவிடுக்கில் எட்டிப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட வேண்டும். "நான் யாரு சொல்லு? மாமா சொல்லு. மா... மா... உன் பேரு என்ன? அப்பா எங்க? இது என்ன கலரு?" நடுவில் மூச்சு விடக் கூடாது. கேட்டதை விளங்கிக்கொண்டு, பதிலை யோசித்து, உதட்டையும் நாக்கையும் அதற்குத் தோதாக மடக்கிக் கொண்டுவரச் சின்னப் பிள்ளைக்குச் சில நொடிகள் பிடிக்கும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு அந்த நொடிகளைப் பொறுத்திருங்கள் என்பதுதான் பேச்சுப் பயிற்சியாளர்கள் பெற்றோருக்குச் சொல்லித்தரும் ஆரம்பப் பாடம். நீங்கள் அப்படிப் பொறுத்திருந்து, பிள்ளை தப்பித் தவறி எதையாவது சொல்லிவிட்டால் கைவசம் வைத்திருக்கும் மீதிக் கேள்விகள் வீணாகிவிடும்.

சாக்லேட் வாங்கிப் போயிருந்தால் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, "அத்தைன்னு சொன்னாத்தான் தருவேன்" என்று சொல்லுங்கள். பிள்ளை விரலை நீட்டிச் சுட்டும். உங்கள் முகத்தைப் பார்க்கும், சாக்லேட்டைப் பார்க்கும், மறுபடி முகத்தைப் பார்க்கும். சொல் வருவதற்கு முந்தைய படி இதுதான் என்றும், இப்படிச் சுட்டிக் காட்டுகிறதா என்றுதான் மருத்துவர்கள் முதலில் கேட்பார்கள் என்றும் யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அழுகை வந்ததும் சாக்லேட்டைக் கொடுத்து, "பிடிவாதம் ஜாஸ்தி, பேச்சு வராததுக்கு அதான் காரணம்" என்று தீர்ப்பு எழுதிவிடலாம்.

2. குற்றவாளியைக் கண்டுபிடியுங்கள்

காபி வருவதற்குள் விசாரணை தொடங்க வேண்டும். முதல் கேள்வி: "பொறந்தப்ப சேனை வெச்சது யாரு?" சேனைத் தண்ணீர் தொட்டு வைத்த தாத்தா அதிகம் பேசாதவர் என்றால் வழக்கு முடிந்தது. அவர் ஊரறிந்த வாயாடி என்றால் அம்மாவுக்கு வாருங்கள். வேலைக்குப் போகிறவளா? "ஆயாகிட்ட விட்டுட்டுப் போனா எப்படிப் பேச்சு வரும்?" வீட்டில் இருப்பவளா? "நாலு சுவத்துக்குள்ள யாரைப் பார்த்துப் பேசும்?" கூட்டுக் குடும்பமா? "கேக்கறதுக்கு முன்னாடியே எல்லாம் கைக்கு வந்துடுது, அப்புறம் எதுக்குப் பேசணும்?" அம்மா எப்படி இருந்தாலும் குற்றம் பொருந்தும்படி இவை அமைந்திருப்பதைக் கவனியுங்கள். அப்பாவை விசாரிக்கும் மரபு கிடையாது. தாமதப் பேச்சு பரம்பரையில் வருவதுண்டு என்பதும், அப்பாவே மூன்று வயதில்தான் பேசினார் என்பது பாட்டிக்கு நன்றாகத் தெரியும் என்பதும் விசாரணை வரம்புக்கு வெளியே.

அடுத்து மொழி. அம்மா தமிழ், அப்பா தெலுங்கு, பிளே ஸ்கூலில் ஆங்கிலம் என்றால், "மூணு பாஷையில குழந்தை குழம்பிப்போச்சு" என்று சொல்லிவிடுங்கள். பல மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு எல்லா மொழியிலும் தெரிந்த சொற்களைக் கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும். ஆனால் கூட்டிப் பார்க்க யாருக்கு நேரம்? தெலுங்குப் பாட்டியிடம், "இனிமே நீங்க குழந்தைகிட்ட தெலுங்குல பேசாதீங்க" என்று சொல்லி, அந்த அம்மாளையும் ஊமையாக்கிவிட்டு வாருங்கள்.

கடைசியாக நாக்கு. "நாக்குக்கு அடியில தசை ஒட்டியிருக்கும், லேசா வெட்டி விட்டாப் போதும்." நாக்கு ஒட்டியிருந்தால் பால் குடிப்பதில் சிரமம் வரலாம், சில ஒலிகள் சரியாக வராமல் போகலாம். ஆனால் ஒரு சொல்கூட வராததற்கு அது காரணமாக இருப்பதில்லை. இதை நீங்கள் சொல்ல வேண்டாம். கத்தியை நினைத்து இரண்டு நாள் அந்த வீட்டில் யாரும் தூங்காமல் இருந்தால் போதும்.

3. மேதைகளைத் துணைக்கு அழையுங்கள்

"நம்ம ராசு சித்தப்பா நாலு வயசு வரைக்கும் பேசல. இன்னைக்கு வக்கீலு. ஜட்ஜே வாயை மூடச் சொல்றாரு." இந்தச் சித்தப்பா எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். பேசாமலே இருந்துவிட்ட இன்னொரு சித்தப்பாவும் சில குடும்பங்களில் உண்டு. அவர் பெயரை எடுக்கக் கூடாது.

சித்தப்பா போதாவிட்டால் குமரகுருபரர். திருவைகுண்டத்தில் பிறந்தவர், ஐந்து வயது வரை பேசாதவர், திருச்செந்தூர் முருகன் அருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடியவர் என்பது வழிவழியாக வரும் கதை. அவரும் போதாவிட்டால் ஐன்ஸ்டீன். ஒரே ஒரு எச்சரிக்கை: கதையைப் பாதியில் நிறுத்திவிடுங்கள். குமரகுருபரரின் பெற்றோர் 'தானாப் பேசும்' என்று வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருச்செந்தூர் போய்த் தங்கி விரதம் இருந்தார்கள். தனக்குப் பேச்சு தாமதமாக வந்ததால் பெற்றோர் கவலைப்பட்டு மருத்துவரிடம் கேட்டார்கள் என்று ஐன்ஸ்டீனே 1954-இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். பொறுமைக்கு உதாரணமாக நாம் காட்டும் இரண்டு வீட்டிலுமே பெற்றோர் பொறுத்திருக்கவில்லை என்பது வெளியே தெரிந்தால் உங்கள் வாதம் படுத்துவிடும்.

4. மருந்து சொல்லுங்கள்

வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்க்கச் சொல்லலாம், தேனில் குழைக்கச் சொல்லலாம், கோயிலுக்கு மணி வாங்கிக் கட்டுவதாக வேண்டிக்கொள்ளச் சொல்லலாம். மணியால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஒரு வயதுக்குள் தேன் கூடாது என்றும், வசம்பு கொடுத்த கைக்குழந்தைகள் வாந்தியோடு ஆஸ்பத்திரிக்கு வருவதுண்டு என்றும் குழந்தை மருத்துவர்கள் சொல்வார்கள். "எங்க காலத்துல எல்லாரும் சாப்பிட்டுத்தான் வளர்ந்தோம்" என்ற பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

5. செல்போனைக் கொடுத்துவிட்டுத் திட்டுங்கள்

உங்கள் பேச்சுக்குப் பிள்ளை இடைஞ்சலாக இருந்தால் உங்கள் போனிலேயே ஒரு பாட்டைப் போட்டுக் கையில் கொடுங்கள். பத்து நிமிடம் கழித்து, "எப்பப் பார்த்தாலும் போனு, அப்புறம் எப்படிப் பேச்சு வரும்?" என்று அம்மாவைக் கேளுங்கள். ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரை வேண்டவே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. காரணம் எளிது. போன் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லாது. அதனால்தான் ஆங்கிலத்தில் இருபது வரை எண்ணும் பிள்ளைக்குத் 'தண்ணி' என்று கேட்கத் தெரியாமல் இருக்கிறது. ஆனால் போனைப் பிடுங்கியதும் பேச்சு கொட்டும் என்று நினைப்பதும் தப்பு. போனையே பார்க்காத பிள்ளைகளுக்கும் பேச்சு தாமதமாகிறது.

6. எக்காரணம் கொண்டும் காதைச் சோதிக்க விடாதீர்கள்

இதுதான் கையேட்டின் உயிர்நாடி. "காது கேக்காம என்ன? பிஸ்கட் கவரைப் பிரிச்சா மாடியிலேர்ந்து ஓடி வர்றான்!" என்று சொல்லுங்கள். கவர் சத்தம் கேட்கும், கதவு சாத்தினால் திரும்பும், மிக்சி போட்டால் காதைப் பொத்தும். அப்படியிருந்தும் 'ச', 'த' போன்ற மெல்லிய ஒலிகள் மட்டும் எட்டாமல் போகலாம். அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டாலும் பேச்சு மங்கலாகத்தான் விழும். சரியாகக் கேட்காத சொல்லைப் பிள்ளை எப்படித் திருப்பிச் சொல்லும்? அதனால்தான் பேச்சு வரவில்லை என்று போனால், பிள்ளைக்குக் காது கேட்கிறது என்று பெற்றோர் சத்தியம் செய்தாலும் மருத்துவர் முதலில் காதைத்தான் பார்க்கச் சொல்கிறார்.

உங்களை மீறிப் போய்விட்டார்களா? கவலை வேண்டாம், பெரா டெஸ்ட் அன்று வாய்ப்பு இருக்கிறது. தலையிலும் காதருகிலும் ஒயர் ஒட்டி, ஒலிக்கு மூளை நரம்பு எப்படிப் பதில் தருகிறது என்று பார்க்கும் சோதனை அது. வலிக்காது, ஆனால் பிள்ளை தூங்க வேண்டும். அதற்காக விடியற்காலையிலேயே எழுப்பி, தூங்க விடாமல் கூட்டி வரச் சொல்வார்கள். பிள்ளை ஆட்டோவில் தூங்கும். ஆஸ்பத்திரி வாசலில் விழித்துக்கொள்ளும். பிறகு அப்பா வராந்தாவில் தோளில் போட்டு நடக்க, அம்மா தட்டிக் கொடுக்க, பாட்டி தெரிந்த தாலாட்டையெல்லாம் பாட, ஒரு வழியாகக் கண் சொருகும். சரியாக அந்த நேரத்தில் போன் போட்டு, "டெஸ்ட் முடிஞ்சுதா?" என்று கேளுங்கள்.

7. "மூணு வயசு வரைக்கும் பாருங்க"

இதை நிதானமாக, அனுபவசாலியின் குரலில் சொல்ல வேண்டும். இரண்டு வயதில் ஏறக்குறைய 50 சொல்லும், 'பால் தா', 'அப்பா வா' என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசுவதும் இருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் பார்க்கும் அளவு. 'பாம் பாம்', 'மியாவ்' எல்லாம் சொல் கணக்கில் சேரும். ஒரு வயதாகியும் மழலை ஒலி இல்லை, டாட்டா காட்டுவதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, சொன்னது புரிவதில்லை என்றால் இரண்டு வயது வரைகூடப் பொறுக்கக் கூடாது. வந்த சொற்கள் திடீரென்று மறைந்தால் எந்த வயதானாலும் உடனே போக வேண்டும்.

"பையன்னா லேட்டாத்தான் பேசுவான்" என்று சேர்த்துச் சொன்னால் எடுபடும். பெண் பிள்ளைகளுக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் சராசரி வித்தியாசம் ஓரிரு மாதம்தான், வருடக் கணக்கில் இல்லை. தாமதமாகப் பேசும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் தாமாகவே எட்டிப் பிடித்துவிடுகிறார்கள் என்பது உண்மை. எந்தப் பிள்ளை அந்தப் பாதியில் இருக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லத்தான் யாராலும் முடியவில்லை. உங்களைத் தவிர.

8. தெரபியைக் கேலி செய்யுங்கள்

"சோப்பு நுரை ஊதறதுக்கும் கார் ஓட்டறதுக்குமா காசு? இதை நான் வீட்டுலயே செய்வேனே!" அடுத்ததாகப் பாட்டி வாய் திறப்பதற்குள் பேச்சை மாற்றிவிடுங்கள். ஏனென்றால் பாட்டி நிஜமாகவே செய்கிறார். உள்ளங்கையில் முழங்கையால் பருப்புக் கடைந்து, சோறு பிசைந்து, ஆளாளுக்குப் பங்கு வைத்து, விரல்களை நண்டாக ஊரவிட்டு அக்குளில் கிச்சுகிச்சு மூட்டுகிறாரே, அந்த விளையாட்டில் தெரபிக்கு வேண்டியது அத்தனையும் இருக்கிறது: முகத்துக்கு முகம் பார்ப்பது, ஒரே சொற்கள் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வருவது, அடுத்து என்ன என்ற எதிர்பார்ப்பு. தெரபிஸ்ட் கூடுதலாகச் சொல்லித்தருவது கொஞ்சம்தான். கிச்சுகிச்சுக்கு முன்னால் நண்டை நிறுத்திவிட்டுப் பிள்ளையின் கண்ணைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். உடம்பை நெளித்து, கையைப் பிடித்து இழுத்து, 'ம்' என்று ஒரு ஒலி வரும். அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு விளையாட்டைத் தொடர வேண்டும். பிள்ளை 'பா' என்றால் "பால் வேணுமா? சூடா பால்" என்று ஒரு சொல் கூட்டித் திருப்பித் தர வேண்டும். எங்கே பிடித்து நிறுத்துவது, எப்போது கூட்டுவது என்று பார்க்கத் தெரிவதற்குத்தான் அவர்கள் வருடக்கணக்கில் படிக்கிறார்கள்.

காசு அதிகம் என்று அலுத்துக்கொள்ளலாம். ஆனால் 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருப்பதையும், அங்கே கட்டணம் இல்லை என்பதையும் சொல்லாதீர்கள். முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் மேம்பாட்டு நிறுவனம் இருப்பதையும், மைசூரில் 1965 முதல் பேச்சுக்கும் செவிக்கும் என்றே ஒரு தேசிய நிறுவனம் நடப்பதையும் மறைத்துவிடுங்கள். தனியாரிடம் போகிறார்கள் என்றால், பயிற்சியாளருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிவிடாதீர்கள். காது கேளாமைதான் காரணம் என்று தெரிந்தால், காக்ளியர் கருவி பொருத்த முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உதவும். அதற்கு வயது வரம்பு 6 என்பதால், 'பொறுத்துப் பாருங்க' என்று ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அதில் கொஞ்சம் கழிகிறது.

9. விடைபெறும்போது

வாசலில் நின்று, "எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு, இதே வயசு, திருக்குறள் சொல்லுது" என்று வீடியோவைக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். பேசாத பிள்ளை உங்கள் செருப்பை எடுத்து வந்து காலடியில் வைத்து, கையை ஆட்டும். உங்களைப் புரிந்துகொண்டு, நீங்கள் கிளம்புகிறீர்கள் என்று தெரிந்து, டாட்டா சொல்லும் முறை அது. நீங்கள் போன் பார்த்துக்கொண்டிருப்பதால் அது உங்களுக்குத் தெரியாது.

கையேட்டை மீற விரும்புவோருக்கு

இத்தனையும் படித்த பிறகும் சிலர் திருந்த மாட்டார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையிடம் கேள்வி கேட்காமல், அது செய்வதைப் பார்த்து நீங்கள் பேசுங்கள். அம்மாவிடம் காரணம் கேட்காமல், சாப்பிட்டாளா என்று கேளுங்கள். சோதனைக்குத் தேதி வாங்கிவிட்டார்கள் என்றால் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வண்டியோடு போய் நில்லுங்கள். இன்னும் தேதி வாங்கவில்லை என்றால், நாளைக்கே வாங்கச் சொல்லுங்கள். அந்த வீட்டுக்கு நீங்கள் சொல்ல வேண்டிய ஒரே அறிவுரை அதுதான்.