மருமவனுக்கு நாலு அங்குலம் போதும்

வாட்ஸப்புல நீரு அனுப்பின போட்டோவைப் பாத்தேன் வே மருமவனே. .500 மேக்னம் ரிவால்வர், எட்டு அங்குலத்துக்கும் மேல பேரல், தோட்டா போடாமலே ரெண்டு கிலோ. "மாமா, கிளேசியர் பார்க்குல நடக்கப் போறோம், கரடிக்கு இது தாங்குமா?"ன்னு கேட்டிருக்கீரு. கரடிக்குத் தாங்கும், உமக்குத்தான் தாங்காது. முதல்நாள் மத்தியானம் ஏத்தத்துல மூச்சு முட்டும்போது அதைப் பொஞ்சாதி பையில நைசாத் திணிக்கப் போறீரு. கரடி வந்த பிறவு, "கொஞ்சம் பையைத் திற தாயி"ன்னு அவகிட்டக் கெஞ்சிக்கிட்டு நிப்பீரு.

உம்மையும் குத்தம் சொல்ல முடியாது. 1971ல வந்த 'டர்ட்டி ஹாரி' படத்துல கிளின்ட் ஈஸ்ட்வுட் ஆறரை அங்குல .44 மேக்னத்தை நீட்டினாரு பாரும், அன்னைக்குப் பிடிச்ச பித்து இன்னும் தெளியல. அவரு அதை உருவுததைப் படம் எடுத்தவன் காட்டினான், நீட்டுததைக் காட்டினான். அதைக் கட்டிக்கிட்டே குனிஞ்சு அவரு செருப்பு வார் முடிஞ்ச சீனை மட்டும் எவனும் காட்டல. மலையில நமக்கு வேலை முழுக்க அந்தக் காட்டாத சீன்லதான்.

நான் பட்டாளத்துல ஹவில்தாராப் பென்சன் வாங்கி, மவன் கூப்பிட்டான்னு இந்த மொன்டானாவுக்கு வந்து வேலி பாத்துக்கிட்டுக் கெடக்கவன். இங்க குதிரைத் தீவனம் விக்க கடையில, மூட்டைக்கும் ரப்பர் பூட்ஸுக்கும் நடுவுல தோட்டாப் பெட்டியை அடுக்கி வச்சிருக்கான். ஒரு .32க்கு லைசென்ஸ் கேட்டுக் கலெக்டர் ஆபீஸ் திண்ணையைத் தேய்ச்சாரே நம்ம பெரியவீட்டுக்காரரு, அவரு இதைப் பாத்திருந்தா அந்த இடத்துலயே உக்காந்து அழுதிருப்பாரு.

சரி, பேரலுக்கு வருவோம். ரிவால்வர்ல பேரல் நீளம்னா சிலிண்டருக்கு முன்னால இருந்து வாய் வரைக்கும். பிஸ்டல்ல தோட்டா உக்காருத அறையையும் சேத்து அளப்பான். அதனால நாலு அங்குல ரிவால்வரும் நாலு அங்குல பிஸ்டலும் ஒரே நீளம் கிடையாது, ரிவால்வருக்குச் சிலிண்டர் தனிக்கணக்கு. கடைக்காரன் வாயில வந்த நாலை நம்பி உறை வாங்கினீருன்னா பாதித் துப்பாக்கி வெளிய தொங்கும். இன்னொண்ணு, சிலிண்டருக்கும் பேரலுக்கும் இடையில ஒரு சன்ன இடைவெளி இருக்கும். சுடும்போது அது வழியா நெருப்பு பக்கவாட்டுல பீறிடும். போட்டோவுல உம்ம இடது கைவிரல் கரெக்டா அங்கனதான் இருக்கு. விரல் பத்தும் வேணும்னா கீழ இறக்கும்.

நீளம் குறைஞ்சா வேகம் குறையுமேன்னு உம்ம ஆபீஸ் சிநேகிதன் சொன்னானாம். குறையும். மேக்னத்துல அங்குலத்துக்கு விநாடிக்கு ஒரு 30, 40 அடி போகும், தோட்டாவைப் பொறுத்து முன்னப்பின்ன இருக்கும். ஆறுல 1,300 அடி போனது நாலுல 1,220 போகும்னு வையும். அந்த எம்பது அடி குறைஞ்சதுன்னு எந்தக் கரடியும் புகார் எழுதிக் குடுக்கப் போறதில்ல. ஆனா ரெண்டரை அங்குலத்துக்கு இறங்கினா கதை வேற. மருந்து பேரலுக்குள்ள எரிஞ்சு தீராம மிச்சம் வாய்க்கு வெளிய எரியும். சத்தமும் வெளிச்சமும் உமக்கு, வேகம் யாருக்கும் இல்ல. ரூகர் கம்பெனிக்காரன் 'அலாஸ்கன்'னு பேர் வச்சு ரெண்டரை அங்குலத்துல பெரிய குண்டுக்கு ஒண்ணு பண்ணத்தான் செய்தான். கூடாரத்துக்குள்ள படுத்தவாக்குல எடுக்க அது ஒரு நியாயம். நல்லாப் பழகின கைக்கு அது சரி, உம்ம கை கீபோர்டு தட்டின கை.

நீளப் பேரலுக்கும் ஒரு நியாயம் உண்டு. முன் குறிக்கும் பின் குறிக்கும் தூரம் கூடக்கூட கைப்பிசகு குறையும், தூரத்துல பட்டுன்னு படும். மான் வேட்டைக்காரனுக்கு அது வேணும். நீரு கரடியை அம்பது கஜத்துல வச்சுச் சுட்டீருன்னா அதுக்குப் பேரு தற்காப்பு இல்ல, வம்பு. இந்தப் பக்கத்துக் கிரிஸ்லி கரடி 1975ல இருந்து சட்டப் பாதுகாப்புல இருக்கு. உசுருக்கு ஆபத்துன்னு சுட்டாலும் அதிகாரிகிட்டப் போய்ச் சொல்லியாகணும். அவன் வந்து எத்தனை அடி தூரம்னு டேப் பிடிச்சு அளந்தா என்ன பதில் வச்சிருக்கீரு?

அது வாரதா இருந்தா மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல வரும். நாப்பது மீட்டருக்கு மூணு விநாடி கூட ஆகாது. அந்த மூணு விநாடிக்குள்ள எடுக்க முடியுமாங்கதுதான் கேள்வியே. எத்தனை அங்குலப் பேரல், எத்தனை கிரெய்ன் குண்டு எல்லாம் அதுக்குப் பின்னாடிதான். முதுகுப் பையோட இடுப்புப் பட்டையை இறுக்கினீருன்னா இடுப்புல இருக்க உறை அதுக்குள்ள புதைஞ்சு போகும். அதனாலதான் இங்க மீன் பிடிக்கவன், வேட்டைக்குக் கூட்டிட்டுப் போறவன் எல்லாம் நெஞ்சுல குறுக்குவாட்டா உறை கட்டுதான். பை போட்டாலும் கழட்டினாலும் அது இருந்த இடத்துல இருக்கும். அதுல எட்டு அங்குலத்தைச் செருகி உருவிப் பாரும். முழங்கை பின்னால போய்ப் போய்ப் பக்கத்துல நிக்கவன் மூக்கை உடைக்கும். நாலு அங்குலம் சுருக்குன்னு வந்திரும்.

வாங்கப் போறவன் எவனா இருந்தாலும் ஒரு வேலை செய்யச் சொல்லும். தோட்டா இல்லாம வெறும் துப்பாக்கியை உறையில போட்டு ஒருநாள் பூரா வீட்டுல நடமாடணும். கார்ல ஏறி பெல்ட்டு போடணும், பிள்ளையைத் தூக்கணும், குனிஞ்சு அடுப்பு பத்த வைக்கணும், புதருக்குள்ள ஒதுங்கப் போறதையும் சேத்துத்தான் சொல்லுதேன். மனுசன் குத்தவச்சிருக்கான், பாவம்னு கரடி திரும்பிப் போகாது. சாயந்திரம் வரைக்கும் எதைக் கழட்டி வைக்காம இருக்கானோ அதுதான் அவன் அங்குலம். முக்கால்வாசிப் பேருக்கு அது நாலுல வந்து நிக்கும்.

தோட்டா விசயத்துல உம்ம சிநேகிதன் மூக்குல குழி விழுந்த குண்டை வாங்கச் சொன்னானாக்கும். அது மனுசனை நினைச்சுப் பண்ணினது. சதைக்குள்ள போனதும் மலர்ந்து, அங்கனயே நிக்கும். கரடிக்குத் தடிச்ச தோலு, அதுக்கடியில கொழுப்பு, பிறவு தோள் எலும்பு. குண்டு அங்க நின்னு பிரயோசனம் இல்ல, உள்ள போய்ச் சேரணும். அதுக்குக் கெட்டி ஈயத்துல வார்த்த, மூக்கு தட்டையான, கனத்த குண்டு. இடாஹோவுல எல்மர் கீத்னு ஒரு பெரிய தொப்பிக்காரரு இருந்தாரு. .44 ஸ்பெஷல்ல மருந்தை ஏத்தி ஏத்திச் சுட்டு, கம்பெனிக்காரன் காதுல விடாம ஓதி, 1955ல .44 மேக்னம் வர முக்கியக் காரணமா இருந்த மனுசன். அவரு வடிச்ச தட்டை மூக்குக் குண்டை இன்னிக்கும் அவரு பேர் சொல்லித்தான் விக்கான். அப்பேர்ப்பட்ட ஆளு நித்தம் கட்டிக்கிட்டுத் திரிஞ்சது நாலு அங்குல பேரல் வே! உமக்கு எட்டு கேக்குது.

.44க்கு வழக்கமான குண்டு 240 கிரெய்ன். கிராம்ல பதினஞ்சரை, ரெண்டு பவுனுக்கு அரை கிராம் குறைச்சல். இதை வீட்டுல சொல்லி வைக்காதீரு. ஆறு குண்டுக்குப் பன்னெண்டு பவுனு, அதை எங்க கழுத்துல போட்டீருன்னு கேப்பா.

என்னைக் கேட்டா, புதுசாப் பழகுதவனுக்கு .357 போதும். 1935ல வந்த தோட்டா, 180 கிரெய்ன் கெட்டி ஈயம் போட்டா ஆழமாப் போகும். .44ஐ ஒரு தடவை சுட்டுட்டு, அடுத்ததுக்குக் கண்ணை மூடிக்கிட்டு விசையைப் பிடுங்குதவனைவிட, .357ல மூணைச் சேந்தாப்பில ஒரே இடத்துல வைக்கவன் உசுரோட வீடு வருவான். செலவும் குறைச்சல், பழக்கத்துக்கு .38 ஸ்பெஷலை அதுலயே போட்டுச் சுடலாம். திருப்பிப் போட முடியாது, .357 கூடு அரைக்கால் அங்குலம் நீளம். .38ஐயே சுட்டுக்கிட்டிருந்தா சிலிண்டர் அறைக்குள்ள கரி வளையம் கட்டும். தேய்க்காம விட்டா மேக்னம் உள்ள போகாம மல்லுக்கு நிக்கும்.

எடை குறைச்சலா இருந்தா சுமக்கச் சொகம்னு டைட்டானியமும் ஸ்காண்டியமும் கலந்து, முக்கால் கிலோவுக்குள்ள .44 மேக்னம் ஒண்ணு விக்கான். சுமக்கச் சொகந்தான். சுட்டா உள்ளங்கை ரெண்டு நாளைக்குச் சோறு பிசையாது. அதையும் பொறுத்துக்கிடலாம், உள்ள நடக்குததுதான் பொல்லாதது. உதையில துப்பாக்கியோட சேந்து தோட்டாக்கூடு பின்னால போகும், கனத்த குண்டு இருந்த இடத்துலயே நிக்கப் பாக்கும். ஒவ்வொரு சுடுக்கும் மிச்சத் தோட்டாவுல குண்டு தன் கூட்டை விட்டு இம்மி இம்மியா முன்னால நழுவும். கடைசியில சிலிண்டருக்கு வெளிய மூக்கை நீட்டி, சுத்தவிடாம முட்டுக் குடுத்திரும். கரடி முன்னால அது பெரிய அவமானம். அதனால எந்தத் தோட்டாவையும் பெட்டியில எழுதியிருக்கதை வச்சு நம்பக் கூடாது. அஞ்சைச் சுட்டுட்டு, ஆறாவதை வெளிய எடுத்து, சுடாத புதுத் தோட்டா பக்கத்துல வச்சு அளக்கணும். நீண்டிருந்தா அந்தத் துப்பாக்கிக்கு அந்தத் தோட்டா ஆகாது.

பாம்புக்குச் சில்லு நிறைச்ச தோட்டா இருக்காமேன்னு கேட்டிருக்கீரு. இருக்கு, சில அடி தூரத்துக்குத்தான் ஆகும். கட்டுவிரியன் நடமாடுத வரப்புல வெறுங்காலோட வளந்துட்டு, வாலை ஆட்டி மணியடிச்சுச் சொல்லுத பாம்புக்கு ஒதுங்கிப் போகத் தெரியாதா?

இனி சட்டம். 2010 பிப்ரவரியில இருந்து தேசியப் பூங்காவுக்குள்ள, அந்தந்த மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வச்சிருக்கலாம். ஆனா சர்க்கார் கட்டடத்துக்குள்ள நுழையக் கூடாது, மிட்டாய் வாங்க உள்ள போனாலும் மாட்டுவீரு. கிளேசியருக்கு வடக்கே ஒட்டினாப்பில இருக்க வாட்டர்டன் பூங்கா கனடாக்காரனுது, ரிவால்வரோட அந்த எல்லைக் கோட்டைத் தாண்டினா கரடியைவிடப் பெரிய கேஸு.

அட, இதை முதல்லயே கேட்டிருக்கணும். நீரு இன்னும் எச்1பி விசாதான வே? அப்படித் தற்காலிக விசாவுல இருக்கவன் துப்பாக்கியும் வச்சிருக்கக் கூடாது, ஒத்தைத் தோட்டாவும் வச்சிருக்கக் கூடாதுன்னு ஃபெடரல் சட்டம் சொல்லுது. செல்லுபடியாகுத வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்கு உண்டு, அதை வக்கீல்கிட்டக் கேளும், மாமன்கிட்டக் கேளாதீரு. இம்புட்டையும் சொல்லிட்டு இப்பச் சொல்லுதீரேன்னு முறைக்காதீரு. முதல்லயே சொன்னா போனை வச்சிருவீரு. எனக்கும் இங்க பேச ஆள் வேணுமுல்லா.

உமக்கு ஏத்தது கரடி ஸ்பிரே. உள்ள இருக்கது நம்ம விளாத்திகுளம் வத்தல்ல இருக்க அதே காப்சைசின் காரந்தான். அலாஸ்காவுல 1985ல இருந்து 2006 வரைக்கும் கரடி மேல ஸ்பிரே அடிச்ச சம்பவங்களை எடுத்துக் கணக்குப் பாத்து 2008ல வெளியிட்டாங்க. பழுப்புக் கரடி வம்பை விட்டது நூத்துக்கு 92 தடவை, ஸ்பிரே வச்சிருந்த ஆளுங்கள்ல நூத்துக்கு 98 பேருக்குக் காயமே இல்ல. முப்பது அடிக்குப் புகை மாதிரி விரியும், துல்லியமாக் குறி பாக்க வேண்டாம், காத்து எந்தப் பக்கம்னு மட்டும் பாத்துக்கிடும். இதுவும் நெஞ்சுலதான் தொங்கணும், பைக்குள்ள போகக் கூடாது. விமானத்துல எந்தப் பெட்டியிலயும் விட மாட்டான், இங்க வந்து வாங்கும். கூடாரத்துல பூசி வைக்காதீரு, காஞ்ச வாசத்துக்கே கரடி மோந்து பாக்க வரும்.

விலை அம்பது டாலர் பக்கம். அந்தப் பீரங்கிக்கு ஆயிரத்துக்கு மேல எடுத்து வச்சிருப்பீருல்லா, கார் வாங்க எங்கிட்டக் கைமாத்தா வாங்கினது அப்படியே நிக்கி. மிச்சத்தை இந்த வாரமே அனுப்பிரும்.